அவருடைய குரலில் நான் கொடுத்த வாக்கு

குரல் மாற்றிப் பேசும் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

உங்கள் பயிற்சிப் பட்டறைக்கு வந்து பேசும்படி கேட்டீர்கள். மாட்டேன் என்றதும் பெருமை பிடித்த ஆள் என்று நினைத்திருப்பீர்கள். உண்மை அதைவிடச் சின்னது. எனக்கு என் சொந்தக் குரலில் நாலு பேருக்கு முன்னால் பேச வராது. அமைச்சராகப் பேசுவேன், எதிர்க்கட்சிக்காரராகப் பேசுவேன், இருவரும் கட்டிப்பிடித்துச் சமாதானமாகும் நாளில் இரண்டு பேராகவும் அழுவேன். நானாக எழும்பி வணக்கம் சொல்லுங்கள் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

குரலை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே விடுவது என்பதெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வருகிறது. நீங்கள் போனில் விடும் துண்டுகளை என் மனைவி காட்டுவாள். பார்த்துச் சிரிக்கிறேன். சில வேளை பயப்படுகிறேன். ஏன் பயம் என்பதைத்தான் எழுத வேண்டும்.

எங்கள் கரை கொழும்புத்துறையில் இருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம். பரவைக்கடல். முழங்கால் அளவு தண்ணீர், அதற்குக் கீழே இடுப்பளவு சேறு. நான் அங்கே மீன் ஏலம் விடும் இடத்தில் தராசு பிடித்தேன். ஏலம் கூறுகிறவர் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒருநாள் வியாபாரிகள் அவசரப்படுத்த, எனக்கு வாய் வரவில்லை. அவர் குரலை எடுத்தேன், வந்தது. அவர் திரும்பி வந்தபோது நண்டு முழுதும் விலை போயிருந்தது. தன்னைப் போலவே ஒருவன் கூவுவதைக் கேட்டு அவர் திகைத்து நின்றார். சனம் சிரித்த அந்தச் சிரிப்பில் நான் தொழிலுக்கு வந்தேன்.

முதலில், எங்களைப் பிடித்து உதைப்பார்கள் என்ற பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லியடியில் ஒரு விளையாட்டுக் கழக விழாவில் இரண்டு அரசியல்வாதிகளை நடித்தேன். அடுத்த நாள் அவர்களில் ஒருவருடைய ஆட்கள் மூன்று பேர் வான் வண்டியில் வந்து வீட்டு வாசலில் இறங்கினார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்களில் தடித்தவர் தொண்டையைச் செருமினார்.

"எங்கடை ஐயாவை மூண்டு நிமிசம் செய்தனீர். மற்ற ஆளைப் பத்து நிமிசம் செய்தனீர். எங்கடை ஐயா என்ன சின்ன ஆளோ?"

அவ்வளவுதான் குறை. ஐயாவின் மூக்கை நான் இழுத்ததோ, அவர் சிங்களத்தில் ஒரு கதையும் தமிழில் இன்னொரு கதையும் சொல்வதை நடித்ததோ அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்த முறை ஐயாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஒதுக்குவதாகச் சொன்னேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஆகவே, அடிக்க வருகிறவனுக்குப் பயப்பட வேண்டாம். அவனுக்குத் தேவை இன்னும் ஏழு நிமிசம். பயப்பட வேண்டியது சிரித்துக்கொண்டு வருகிறவனுக்கு.

எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் அப்படிப்பட்டவர். பெயர் வேண்டாம். நான் அவரை 'அடிக்கல் ஐயா' என்றுதான் சொல்வேன். எங்கள் கரைக்கு ஒரு இறங்குதுறை வேண்டும் என்று சனம் கேட்டுக்கொண்டே இருந்தது. துறை இல்லாததால் வள்ளத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, எஞ்சினைத் தோளிலும் நண்டுக் கூடையைத் தலையிலும் வைத்துச் சேற்றுக்குள்ளால் நடக்க வேண்டும். சேற்றுக்குள் போத்தல் ஓடு இருக்கும், திருக்கை முள் இருக்கும். உறுப்பினர் வந்து துறைக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த தேர்தலுக்கு இன்னொரு கல். அதற்கடுத்த தேர்தலுக்கு மூன்றாவது. துறை மட்டும் வரவில்லை.

மேடையில் அவரை நடிப்பது சுலபம். வாக்குறுதி கொடுக்கப் போகிறார் என்றால் முதலில் சட்டைப் பையில் இருந்து லேஞ்சியை எடுத்துப் பிடரியைத் துடைப்பார், இருமுவார். கொடுத்து முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்ப்பார். நான் துடைத்துவிட்டுச் சொல்வேன்: "எனது அன்பான மக்களே, மூன்று கல் தந்துவிட்டேன். அடுப்பு ஆகிவிட்டது. இனி விறகுக்கு ஒரு அமைச்சரைக் கூட்டி வருகிறேன்." வட்டுக்கோட்டையில் இருந்து சாவகச்சேரி வரைக்கும் அந்தப் பகிடிக்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஒருமுறை எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. பிரதம விருந்தினர் அவர்தான். வழமைபோல வரவில்லை. நேரத்தை நிரப்ப என்னை ஏற்றினார்கள். அடுப்புப் பகிடியின் நடுவில், முன்வரிசையில் சிரிப்பு வெட்டினாற்போல நின்றது. பார்த்தால் பந்தல் வாசலில், கழுத்தில் மாலையோடு, உறுப்பினர் நிற்கிறார். மைக்கை வைத்துவிட்டு இறங்கி ஓடலாம். ஓடினால், நான் செய்தது பிழை என்று நானே சொன்னமாதிரி ஆகிவிடும். அவருடைய குரலை விடாமல் சொன்னேன்: "வாசலில் என்னைப் போலவே ஒருவர் நிற்கிறார். பாவம், தூரத்தில் இருந்து வந்திருக்கிறார். அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள்."

பந்தல் அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அவர்தான். மேடைக்கு ஏறி என்னைக் கட்டிப்பிடித்தார். தனக்குப் போர்த்துவதற்கென்று நிலையத்தார் வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தினார். எல்லாப் போனும் மேலே எழும்பின. அடுத்த நாள் காலை அவருடைய முகநூல் பக்கத்திலேயே அந்தப் படம் வந்துவிட்டது. விமர்சனத்தை மதிக்கும் தலைவர் என்று கீழே எழுதியிருந்ததாம்.

நான் பொன்னாடையை வீட்டில் மடித்துவைக்கப் போனேன். மனைவி அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "நல்லாப் போத்தி மூடியிருக்கினம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அவள் சொன்னது விளங்க எனக்குச் சில மாதம் பிடித்தது. அதே அடுப்புப் பகிடியை அதே மாதிரித்தான் செய்தேன். சிரிப்பும் குறையவில்லை. ஆனால் சிரிப்பின் பின்னால் இருந்தது வேறு. "ஐயா நல்ல மனுசன், எதையும் தாங்குவார்" என்று சொல்லிக்கொண்டு சனம் வீட்டுக்குப் போனது. நான் ஊர் ஊராகப் போய் அவருக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். சம்பளம் பகிடிக்காரனுக்கு, வேலை அவருக்கு.

பிறகு தேர்தல் வந்தது. அவருடைய இணைப்புச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். சலவைச் சட்டை, இரண்டு போன், எப்போதும் யாரோ பின்னால் துரத்துவது போன்ற அவசரம். கூடவே என் மனைவியின் அண்ணன், எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். விசயம் இதுதான். கடைசிப் பெரிய கூட்டத்தில் ஐயா பேசுவதற்கு முதல் நான் ஏறி ஐயாவை நடிக்க வேண்டும். லேஞ்சி இருக்கலாம், மணிக்கூடு இருக்கலாம், இருமலும் இருக்கலாம். கல் மட்டும் வேண்டாம். நான் வந்தால் துறை விசயத்தை ஐயா தனிப்பட்ட முறையில் கவனிப்பார்.

ஏலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மச்சான் காலை நீட்டிக் காட்டிக்கொண்டு குறுக்கே பேசினார். அவர் காலில் திருக்கை முள் ஏறிய தழும்பு இருக்கிறது. மழை நாளில் அந்தக் காலை இழுத்துத்தான் நடப்பார்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன். நீ உந்தப் பகிடி விடத் தொடங்கி எத்தினை வருசம்? சேறு ஒரு சாண் குறைஞ்சதே?"

இந்தக் கேள்வியை ஒருநாள் உங்களிடமும் யாராவது கேட்பார்கள். கேட்கிறவர் உங்களுக்கு வேண்டியவராகவும் இருப்பார். நான் ஓம் என்றேன்.

ஆனால் ஓம் சொன்ன அன்றே மனதுக்குள் ஒரு வலை பின்னத் தொடங்கினேன். யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. அவரை அவருடைய குரலாலேயே பிடிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். வலை நல்ல வலைதான். அதற்குள் யார் விழுவார் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

கூட்டத்தில் சனம் றோட்டு வரைக்கும் நின்றது. எங்கள் கரை ஆட்கள் மச்சானோடு முன்னால் நிலத்தில் இருந்தார்கள். உறுப்பினர் எனக்குப் பின்னால் கதிரையில். லேஞ்சி செய்தேன், இருமினேன், மணிக்கூடு பார்த்தேன். அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். செயலாளர் கையைக் காட்டி முடிக்கச் சொன்னார். அப்போதுதான் பிடரியை இரண்டாம் தரம் துடைத்தேன். அவர் அப்படிச் செய்தால் ஏதோ வாக்குறுதி வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

"எனது அன்பான மக்களே, வருகிற வாடைக்காற்று எழும்புவதற்கு முன்னர் உங்கள் கரைக்கு இறங்குதுறை வரும். ஆழத் தண்ணீர் வரைக்கும் வரும். வள்ளம் வந்து அணையும். ஒருவரும் சேற்றில் கால் வைக்கத் தேவையில்லை. வராவிட்டால் அந்த மூன்று கல்லையும் நானே தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவேன்."

எங்கள் கரை ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். செயலாளரின் இரண்டு போனும் ஒரே கைக்கு வந்துவிட்டன. நான் திரும்பி உறுப்பினரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. மெதுவாக எழும்பி வந்து என் தோளில் கையைப் போட்டார். லேஞ்சியை எடுத்தார். சனம் மறுபடியும் சிரித்தது.

"தம்பி சொன்னது என் உள்ளத்தில் இருந்ததுதான்" என்றார்.

அவ்வளவு கைதட்டலை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. மச்சான் மேடையடிக்கு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப ஆர் சொன்னது? அவரோ, நீங்களோ?" என்றாள். விசர்க் கேள்வி என்று நினைத்தேன்.

அவர் வென்றார். எங்கள் கரையில் முன்னொருபோதும் அவருக்கு அவ்வளவு வாக்கு விழுந்ததில்லை. வாடை எழும்பியது. துறை வரவில்லை. மச்சானும் சங்கத்து ஆட்களும் அவருடைய அலுவலகத்துக்குப் போய், கூட்டத்தில் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தாராம். "குரல் திறமாத்தான் இருக்கு" என்றாராம். பிறகு, அன்பாகத்தான், சொன்னாராம்: "தம்பி ஆசையிலை ஒண்டு சொன்னவர். மேடையிலை வைச்சுப் பிள்ளையின்ரை முகத்தை முறிக்கக் கூடாது எண்டு நானும் ஒரு சொல்லுச் சொன்னன். காலம் குறிச்சது நானே? போய் அவரைக் கேளுங்கோ."

வந்து கேட்டார்கள்.

முதலில் பகிடியாகத்தான் கேட்டார்கள். ஏலம் விடும் இடத்தில் எனக்குக் கதிரை போட்டார்கள். என்னை ஐயா என்று கூப்பிட்டார்கள். ஒரு பெண், தன் ஒழுங்கைக்கு லைற் போட்டுத் தரும்படி கேட்டாள். இன்னொருவர், "ஐயா பிசியோ, நாளைக்கு வரட்டோ?" என்று கேட்டுவிட்டுத் தராசில் நண்டை வைத்தார். எத்தனையோ பேரை நான் இப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிப்புக்கு ஆளாகிறவனுடைய இடத்தில் இருந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. வாடை பலத்ததும் பகிடி நின்றது. கேள்வி மட்டும் நின்றுவிடவில்லை.

அந்த மாரியில் மச்சான் எஞ்சினைத் தோளில் வைத்துச் சேற்றுக்குள்ளால் வந்தபோது வழுக்கி விழுந்தார். எஞ்சின் அவருக்கு மேலே விழுந்தது. தோள் எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பேசினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் அவரே கதைத்தார்.

"உன்னிலை எனக்குக் கோவம் இல்லை, மச்சான். ஆனால் ஒண்டு. அவர் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டம். மூண்டு கல்லைக் கண்டனாங்கள்தானே. நீ சொன்னபடியாத்தான் நம்பினனாங்கள்."

தம்பி, தங்கச்சிமாரே, நான் எழுதத் தொடங்கியதே இந்த ஒரு வசனத்துக்காகத்தான். எங்களை நம்புகிறார்கள். பகிடிக்காரன் பொய் சொல்லமாட்டான் என்று நினைக்கிறார்கள். அரசியல்வாதியை நம்பாத சனம், அரசியல்வாதியை நக்கல் அடிக்கிறவனை நம்புகிறது. அந்த நம்பிக்கையை எடுத்து நான் அவருடைய பையில் போட்டேன், அவருடைய குரலிலேயே. அவர் செய்ததை நடித்தபோது நான் கெட்டிக்காரன். அவர் செய்ய வேண்டியதை அவர் குரலில் சொன்ன உடனேயே நான் அவருடைய இன்னொரு இணைப்புச் செயலாளர். போன்தான் இரண்டு இல்லை.

நீங்கள் போனில் விடும் துண்டுகளில் இதைத்தான் பார்க்கிறேன். ஒரு தலைவர் குரலில் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார். இன்னொருவர், பிடித்து வைத்திருக்கும் காணியை விடுகிறேன் என்று சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் பேர் இதயம் போடுகிறார்கள். அந்த ஆயிரத்தில் ஒரு ஆள் தன் வேலியடியில் நின்று, உண்மையாகத்தான் சொல்கிறாரோ என்று யோசிப்பார். அந்த ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

துறை கடைசியில் வந்தது, பாதி. அடுத்த தேர்தலுக்குக் கொஞ்சம் முதல், லொறி லொறியாகக் கல் கொண்டுவந்து கொட்டினார்கள். சீமெந்து போட்டார்கள், கம்பி போட்டார்கள், முடிந்துவிட்டது என்றார்கள். கரையில் இருந்து புறப்பட்ட துறை, சேற்றின் நடுவில், வள்ளம் வரக்கூடிய தண்ணீருக்கு எட்டாத இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே நின்று படம் எடுக்கலாம். பின்னால் கடல் தெரியும். துறை முடிகிற இடம் தெரியாது.

திறப்பு விழாவுக்குச் செயலாளர் என்னையும் கூப்பிட்டார். ஐயா நாடா வெட்டியதும் நான் ஐயாவுடைய குரலில் நன்றி சொல்ல வேண்டுமாம். இந்த முறை ஓம் சொல்ல எனக்கு யாரும் காலைக் காட்டத் தேவைப்படவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன், அவரைப் போல. பொன்னாடையையும் போட்டுக்கொண்டேன்.

நாடா வெட்டியாயிற்று. வயர் இல்லாத மைக்கைக் கையில் தந்தார்கள். கரை முழுதும் சனம். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி மச்சானும் நின்றார். எலும்பு இவ்வளவு காலமாகியும் பொருந்தவில்லை, இன்னொரு தரம் வெட்டியிருந்தார்கள். உறுப்பினர் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் ஒன்றும் பேசவில்லை. லேஞ்சியை எடுத்தேன், பிடரியைத் துடைத்தேன். சனம் சிரித்தது. அவர் நடப்பது போல, வயிற்றை முன்னால் விட்டு, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு துறையில் நடந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். துறை முடிகிற இடம் வந்தது. நான் நிற்கவில்லை. கடலைப் பார்த்துக் கும்பிட்டபடியே அடுத்த அடியையும் எடுத்து வைத்தேன்.

சேறு இடுப்பு வரைக்கும் வந்தது. வேட்டி, பொன்னாடை எல்லாம் கறுப்பு. அப்போதும் கையை எடுத்து இரண்டு பக்கமும் கும்பிட்டேன். கரையில் எழும்பிய சிரிப்பில் எனக்குக் காதடைத்தது. நிமிர்ந்து துறையின் மேலே பார்த்தேன். உறுப்பினர் நின்றார். அவர் சிரிக்கவில்லை. அவ்வளவு வருடத்தில் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. அந்தப் படம் அவருடைய பக்கத்தில் வரவில்லை என்று மனைவி பிறகு சொன்னாள்.

ஒரு கையோடு மச்சான் சேற்றுக்குள் இறங்கி வந்தார். அந்தக் காலை இழுத்து இழுத்து வந்து எனக்குக் கை தந்தார். சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண் நிறைந்திருந்தது. என்னைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டே கேட்டார்:

"அவர் தந்தது பாதி. மிச்சம் உன்ரை பாதி. அது எப்ப, மச்சான்?"

மைக் என் கையில்தான் இருந்தது, சேறு படாமல் உயர்த்திப் பிடித்திருந்தேன். வேலை செய்தது. அதில் இருந்து என் குரல் கரை முழுதும் கேட்டது.

"எனக்குத் தெரியேல்லை, மச்சான்."

மைக்கில் நான் என் குரலில் பேசியது அந்த ஒரே தடவைதான். அதன் பிறகு நான் மேடைக்கு ஏறவில்லை. சனம் கைதட்டியது. கரையில் நின்ற ஒரு பெண் என் மனைவியின் பக்கம் குனிந்து கேட்டாளாம்: "கடைசியாக் கதைச்சது நல்லா இருந்தது. உது எந்தக் கட்சிக்காரற்றை குரல்?"